கம்பு திரும்பிய மூலை

"நாலு மீட்டருக்கு மேல நீளம் இருக்கிற சாமான் காத்துல கரைஞ்சு போகாது," என்றார் டீச்சர்.

"சாதாரணமா கரையாது டீச்சர். விமானத்துல ஏத்தினா எது வேணா நடக்கும். என் மச்சான் பெட்டியைக் கொடுத்துட்டு கைப்பிடியை மட்டும் வாங்கிட்டு வந்தவன்," என்றான் கடுகு.

பக்கத்தில் நின்ற லக்கேஜ் அதிகாரி, அது தன்னைச் சொன்னதில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்தார். அவருடைய மனைவியின் சங்கிலி காணாமல் போனபோது, அதை வீட்டுத் தையல் மிஷினுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவர் டீச்சர். அந்த விசுவாசத்தில்தான் இன்று போன் போட்டு வரவழைத்து, உள்ளே நடமாட இரண்டு பாஸும் வாங்கி வைத்திருந்தார். விசுவாசத்தைவிடத் தலைவலி பெரிது என்பது கடுகின் கட்சி.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தால், துப்பறியப்படுகிற ஆளுக்கு வீட்டுப்பாடம் எழுதாமல் வந்துவிட்ட கலக்கம் வரும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய உதவியாளன் கடுகு பொடி ஆள். உடம்புக்குப் போக வேண்டிய வளர்ச்சியெல்லாம் வாய்க்குப் போய்விட்டது என்று அவன் மனைவியே சொல்லுவாள்.

விமானத்தில் வந்த பெட்டிகள் சுற்றி வரும் கூடத்தின் ஒரு கோடியில் அவர்கள் நின்றிருந்தார்கள். சைக்கிள், கடலலையில் சறுக்கும் நீளப் பலகை, குழந்தை வண்டி என்று சாதாரண பெல்ட்டில் அடங்காதவற்றைக் கொண்டுவந்து இறக்குகிற இடம் அது. கூடத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். காமிராக்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை மாட்டி முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

"எங்க ஆளுங்க இறக்கி, இதோ இந்தச் சுவர்ல சாய்ச்சு வச்சாங்க. நானே பார்த்தேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாது," என்றார் அதிகாரி.

"சாய்ச்சு வச்சாங்களா? கம்பைச் சாய்ச்சா வைப்பாங்க? குழந்தையைத் தலைகீழா தொங்க விடுவீங்களாய்யா நீங்க?"

குரல் கொடுத்தவர் மாஸ்டர். நரைத்த தலை, கழுத்தில் விசில். விமானத்தில்கூட அதைக் கழற்றவில்லை போலிருந்தது. மகளுக்கு அப்பாவும் அவரே, கோச்சும் அவரே. மகள் சிட்டு. நீளக் கம்பை ஊன்றி, அதை வில்லாக வளைத்து, அது நிமிர்கிற வேகத்தில் வானத்துக்கு ஏறிக் குறுக்குக் கட்டையைத் தாண்டுகிறவள். நாளைக் காலை தேர்வுப் போட்டி. அணியில் இருப்பது ஒரே இடம். போன தடவை அந்த இடம் கை நழுவிப் போனது. அடுத்த தடவை என்று சொல்ல வயது மிச்சமில்லை. அவளுடைய ஆறு கம்புகளும் ஒரே பையில் இருந்தன. அந்தப் பைதான் மதியத்திலிருந்து காணவில்லை.

"வேற யார்கிட்டயாவது கம்பு கடன் வாங்கித் தாண்ட முடியாதா?" என்று கடுகு கேட்டான்.

"தம்பி, ஒவ்வொரு கம்பும் ஒரு ஆளோட எடைக்குச் செஞ்சது. கனத்த ஆளோட கம்பை எடுத்தா வளையாது. வந்த வழியே தூக்கி எறியும். மெல்லிசா எடுத்தா நடுவானத்துல முறியும்." மாஸ்டரின் கை விசிலைத் தடவியது. "இந்தக் கம்புங்களோட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கவுன்டர்லயும் ஒரே கேள்வி, இதை மடிக்க முடியாதாங்கன்னு. ஒரு தடவை நாங்க ஒரு நாட்டுல இறங்கினோம், கம்பு இன்னொரு நாட்டுல இறங்கிச்சு. ஒரு தடவை போட்டி முடிஞ்சு, பந்தலைப் பிரிக்கிறப்போ வந்து சேர்ந்துச்சு. பைலட்டே இறங்கி வந்து, இது ஏறினா நான் ஏற மாட்டேன்னு நின்னிருக்காரு. வீட்டுல வைக்க இடமில்லாம ரெண்டு ரூமுக்கு நடுச்சுவரை உடைச்சவன் நான். அந்த ஓட்டை வழியா ஒரு மழைக்காலம் முழுக்க எலி வந்துச்சு. பொண்டாட்டி இன்னிக்கும் பேசறா. இப்ப ஷூவும் போச்சு. அதுவும் அந்தப் பைக்குள்ளதான்."

டீச்சரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "ஷூவை எப்பவும் அந்தப் பையிலதான் வைப்பீங்களா?"

"எங்க ஆளுங்க யாரும் வைக்க மாட்டாங்க. பெட்டி தொலையும், கம்பு தொலையும், கால்ல பழகின ஷூ தொலையக் கூடாது. அது கைப்பையிலதான் வரணும். சிட்டுவுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். இந்தத் தடவை கைப்பையில இடமில்லன்னு சொல்லிட்டா."

டீச்சர் கொஞ்ச தூரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். நீண்ட கை கால்கள், உதட்டில் உலர்ந்த வெடிப்பு. மடியில் ஒரு கைப்பை தொய்ந்து கிடந்தது. அழவில்லை. அழுகிற பெண்ணைவிட அழாத பெண் கடுகை அதிகம் கலங்க வைத்தாள்.

"நீங்க எங்க இருந்தீங்க மாஸ்டர், கம்பு வந்தப்போ?"

"நான் அந்தக் கோடியில துணிப்பெட்டிக்கு நின்னேன். இங்க அவ நின்னா. எதுவுமே வரலப்பான்னு ஓடி வந்தா."

டீச்சர் கடுகின் பக்கம் திரும்பினார். "வெளியே போய் தண்ணி பைப் ஒண்ணு வாங்கிட்டு வா. பிளாஸ்டிக். மாஸ்டர் சொல்ற அளவுக்கு வெட்டி வாங்கு."

"குடிக்கவா, குளிக்கவா டீச்சர்?"

"தூக்க."

அந்தப் பைப்பை உள்ளே கொண்டுவருவதற்குள் கடுகுக்குப் பாதி உயிர் போய்விட்டது. காவலர் ஒருவர் அதன் ஓட்டை வழியே கண்ணை வைத்து, மறுமுனையில் இருந்த கடுகைச் சந்தேகமாகப் பார்த்தார். "உள்ளே என்ன?" என்று கேட்டார். "காத்துதான் சார், அதுக்கும் தனிக் கட்டணம் உண்டா?" என்றான் கடுகு. அந்த வாய்க்காக இன்னொரு முறை சோதிக்கப்பட்டான்.

"இப்போ நீதான் திருடன். கம்பு உன் கையில இருக்கு. வெளியே போ பார்க்கலாம்," என்றார் டீச்சர்.

கடுகுக்கு அப்போதுதான் புரிந்தது. சின்னப் பொருளைத் தேடினால் ஆளைப் பின்தொடர வேண்டும். இத்தனை நீளப் பொருளுக்கு மூலைகளைப் பின்தொடர்ந்தால் போதும். எந்த மூலையில் அது திரும்புமோ, அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

சுழலும் கண்ணாடிக் கதவில் பைப் பாதி நுழைந்து, கடுகையும் ஒரு மாமியையும் நடுவில் சிறை வைத்தது. லிஃப்டில் மூன்றில் ஒரு பங்கு வெளியே நீட்டிக்கொண்டு, கதவு மூடுவதும் முட்டித் திறப்பதுமாக அழுதது. மீதியிருந்த பக்கவாட்டு வாசலில் ஒரு காவல்கார அம்மா உட்கார்ந்திருந்தார். மதியத்திலிருந்து அந்த வழியே போன குடைகளின் நிறம் வரைக்கும் ஒப்பித்தார். நீளப் பை எதுவும் போகவில்லை.

"அப்போ கட்டடத்தை விட்டே போகல. ஆனா இங்கயும் இல்ல." கடுகு குரலைத் தணித்தான். "டீச்சர், எனக்கு மாஸ்டர் மேல ஒரு கண்ணு. பொண்ணு தோத்துட்டா இத்தனை வருஷ உழைப்பும் வீண்னு ஊரு சொல்லும். கம்பு தொலைஞ்சுதுன்னா பழி விமானக் கம்பெனிக்கு. மானம் மிச்சம்."

"கெட்ட யோசனை இல்ல," என்றார் டீச்சர். அவர் அப்படிச் சொன்னால் ஏதோ ஒன்று தப்பு என்று அர்த்தம். கடுகு சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டான்.

மிச்சமிருந்தது ஒரே கதவு. பெரிய சாமான் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் இருந்தது; அதன் பக்கத்துச் சுவரில் வர்ணக்காரர்களின் ஏணி சாத்தியிருந்தது.

"அது பழுதான டிராலி போடற கிடங்குக்குப் போற வழி. தேடிப் பிரயோஜனமில்ல. நடையில ஒரு செங்குத்தான திருப்பம் இருக்கு. நீளமா எதுவும் போகாது. டிராலியையே நாங்க வெளிப்பக்கமா கொண்டு போய்த்தான் அடுக்குவோம்," என்றார் அதிகாரி.

"கம்பு தூக்கற வித்தை எனக்குத் தெரியும், தள்ளுப்பா," என்று மாஸ்டர் பைப்பின் முன்முனையைப் பிடித்தார். கடுகு பின்முனை. அவர் தோளால் கதவைத் தள்ளி, வேகமாக உள்ளே நுழைந்தார்.

டமார் என்று ஒரு சத்தம்.

கதவுக்கு உட்புறம், கூரையிலிருந்து ஒரு வழிகாட்டிப் பலகை சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. வர்ணம் அடிப்பதற்காகத் தாழ்வாக இறக்கி விட்டிருந்தார்கள். கதவு மூடியிருந்தால் வெளியே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பைப் முனை அதில் மோதி, பலகை ஊஞ்சலாடியது. மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து மேற்கொண்டு உள்ளே போனார். அங்கிருந்த ஒரு மாடிப்படியின் அடியில் நடை வெடுக்கென்று வலப்பக்கம் மடங்கியது. மாஸ்டர் சாய்த்துப் பார்த்தார், சரித்துப் பார்த்தார். பைப் இரண்டு சுவருக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"போதும் மாஸ்டர். வந்து உக்காருங்க," என்றார் டீச்சர்.

பைப்பை வெளியே இழுத்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த பலகையை டீச்சர் தன் கையாலேயே பிடித்து நிறுத்தி, கதவைச் சாத்தினார். கடுகு நெற்றியைத் துடைத்தான். "இந்த வழியையும் அடிச்சிடலாம் டீச்சர். போகாது."

"நமக்குப் போகல. கம்புக்குப் போகாதுன்னு யார் சொன்னது?" டீச்சர், அந்த டமார் சத்தத்துக்கும் தலை நிமிராமல் நாற்காலியில் இருந்தவளை நோக்கிக் குரல் கொடுத்தார். "சிட்டு, கொஞ்சம் வாம்மா. எங்க ரெண்டு பேருக்கும் இதைத் தூக்கத் தெரியல. கிடங்கு வரைக்கும் கொண்டு போய்ப் பார்த்துடலாம்."

சிட்டு தயங்கினாள். "அங்கயெல்லாம் இருக்காது மேடம்."

"போம்மா, அவங்க சொல்றதைச் செய்," என்றார் மாஸ்டர்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். பைப்பைக் கையில் வாங்கியதும் நடையே மாறிவிட்டது. அதுவரை கூனிக் கிடந்த தோள் நிமிர்ந்தது. தனியாகவே தூக்கினாள். எந்த இடத்தில் பிடித்தால் இரண்டு பக்கமும் சரியாக நிற்கும் என்று தேடவேயில்லை. சாம்பல் கதவுக்கு முன்னால் வந்தாள். கதவு மூடியிருந்தது. முன்முனையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தினாள். பிறகு காலால் கதவைத் தள்ளினாள். பைப் பலகைக்கு அடியில் சத்தமில்லாமல் புகுந்தது.

கடுகு வாயைத் திறந்தான். டீச்சர் அவன் முழங்கையை அழுத்தினார். இருவரும் அவள் பின்னால் நடந்தார்கள்.

மடங்கும் மூலை வந்தது. சிட்டு நிற்கவில்லை. மாடிப்படியில் இரண்டு படி ஏறி, கைப்பிடிகளுக்கு நடுவே மேல்மாடி வரை திறந்திருந்த சந்தில் முனையை நேர் மேலே செலுத்தினாள். நீளம் முழுவதும் அந்தச் சந்துக்குள் எழுந்து நின்றது. அப்படியே உடம்பைத் திருப்பி, மறுபக்க நடைக்குள் இறக்கினாள். சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

கிடங்கின் வாசலில் பைப்பைத் தரையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

"சிட்டு," என்றார் டீச்சர் மெதுவாக. "அந்தப் போர்டை நீ எப்போ பார்த்தே?"

"எந்தப் போர்டு?"

"கதவுக்கு உள்பக்கம் தொங்குதே. கதவு திறக்கறதுக்கு முன்னாடியே நீ முனையை இறக்கிட்டே. உங்க அப்பா இத்தனை வருஷம் கம்பு தூக்கினவர். அவரே போய் இடிச்சாரு. ஏன்னா அவர் இந்த வழியா முன்னாடி வந்ததில்ல."

சிட்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள், அவை தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டதுபோல. கடுகிடம் அந்த நேரத்துக்கு ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அவன் அதை விழுங்கினான். அது உள்ளே இறங்கும்போது கசந்தது.

கிடங்குக்குள் சக்கரம் போன டிராலிகள் குவிந்து கிடந்தன. அவற்றில் மூன்றை மட்டும் யாரோ வரிசையாக, சமமான இடைவெளியில் நகர்த்தி வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் அந்த நீளப் பை படுத்திருந்தது. ஒரு டிராலியின் இரும்பு விளிம்பு பையில் உரசாமல் இருக்க, நடுவில் ஒரு ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"திருடன் இப்படிப் படுக்க வைக்க மாட்டான்," என்றார் டீச்சர். "கம்பு வளையக் கூடாது, உரசக் கூடாதுன்னு நினைச்ச கை இது. ஷூ கதையைக் கேட்டப்பவே எனக்கு உறுத்திச்சு. இடமில்லன்னு சொன்ன கைப்பை உன் மடியில பாதி காலியாக் கிடந்துச்சு. நீ விமானம் ஏறும்போதே தாண்டறதில்லன்னு முடிவு பண்ணிட்டே. இல்லியா?"

அதற்குப் பிறகுதான் சிட்டுவுக்குப் பேச்சு வந்தது.

"எத்தனை தடவை தொலைச்சிருக்காங்க மேடம்! நான் ராத்திரி பகலா பயிற்சி எடுத்து, உயிரைக் கொடுத்துத் தயாராகிப் போவேன். கம்பு வராது. எல்லாரும் தாண்டறதை உக்காந்து பார்ப்பேன். இந்த ஒரே ஒரு தடவை தொலைச்சிடுங்கடா சாமின்னு வேண்டிக்கிட்டு ஷூவையும் உள்ளே போட்டு ஏத்தினேன். வழியில எங்கயாவது போயிடும், யார் மேலயும் பழி இல்லாம வீட்டுக்குப் போயிடலாம்னு." அவள் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "என் சூட்கேஸ் வரதுக்கு முன்னாடி இது வந்து நிக்குது. ஒரு கீறல் இல்லாம."

கடுகுக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. பார்வையை டிராலிகளின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"விழுந்தியாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"பயிற்சியில. மேல ஏறினவ மெத்தைக்குப் போகாம வந்த வழியே திரும்பி விழுந்தேன். எலும்பு எல்லாம் சேர்ந்துடுச்சு. ஆனா ஓடி வந்து ஊன்றப் போறப்போ, கடைசி அடியில கால் நின்னுடுது. நான் நிறுத்தல மேடம். அதுவா நிக்குது. இன்னும் ஓடு ஓடுன்னு அப்பா சொல்றாரு. எனக்காகச் சுவரை உடைக்கச் சொன்னது நானா? ஆனா உடைச்சிட்டாரே. அந்த மனுஷன்கிட்ட போய் எனக்குப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"அவர் கேட்டா, எங்க கிடைச்சுதுன்னு நான் சொல்லுவேன். ஏன்னு நீதான் சொல்லணும்," என்றார் டீச்சர்.

"கேட்டுட்டேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நடையின் மூலையில், மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி மாஸ்டர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் கிடங்குக்குள் போனார். பழக்கம் போகாது. முதலில் பையின் நீளம் முழுக்க உள்ளங்கையால் தடவி, அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தார். கை ஸ்வெட்டரின் மேல் வந்ததும் நின்றது.

"கால் நிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேன்ப்பா. முதல் நாளே சொல்ல வந்தேன். நீங்க எதிர்க்காத்துன்னீங்க."

மாஸ்டர் திரும்பவில்லை.

"ரெண்டாவது நாளும் காத்துன்னீங்க. அப்புறம் நானும் காத்துன்னே சொல்லிட்டேன்."

தன் அப்பாவிடம் தான் சொல்லாமல் விட்டவை சில கடுகுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அவற்றை அவன் எண்ண விரும்பவில்லை.

"காத்தில்லன்னு எனக்குத் தெரியும்," என்றார் மாஸ்டர் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "கொடி ஆடாம தொங்கிட்டிருந்துச்சு. நான் கொடியையும் பார்த்தேன், உன் காலையும் பார்த்தேன். ஒத்துக்க மனசு வரல. ஒத்துக்கிட்டா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிடுமே."

அவர் பையின் ஜிப்பைத் திறந்தார். கையை உள்ளே விட்டு ஷூவை எடுத்தார். தேய்ந்த, ஆணி வைத்த ஜோடி. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். சிட்டுவின் தோளில் தொங்கிய கைப்பை வாயைத் திறந்து வைத்திருந்தது. அதில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. மாஸ்டர் அந்தப் பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு, இனி இதுவும் தொலைந்தால் தொலையட்டும் என்பதுபோல், ஷூவைக் கம்புப் பைக்குள்ளேயே திரும்ப வைத்து, ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடினார்.

மதியத்திலிருந்து அழாத பெண் அப்போதுதான் அழுதாள்.

வாசலில் எட்டிப் பார்த்த அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "கிடைச்சுடுச்சா! நான்தான் சொன்னேனே, எங்க மேல தப்பில்லன்னு. ஆமா, இதைத் திருப்பி எடுத்துட்டுப் போறதுன்னா நீளச் சாமானுக்குத் தனியா..."

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். அதிகாரி வாக்கியத்தை முடிக்காமலே போய்விட்டார்.

கம்புப் பையின் முன்முனையை மாஸ்டர் தோளில் வைத்தார், பின்முனையை சிட்டு. படியின் சந்தில் ஏற்றித் திருப்பினார்கள். இப்போது அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். கடுகு பிளாஸ்டிக் பைப்பைக் கையில் பிடித்தபடி, வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான். அந்தப் பைப்பை இனி என்ன செய்வது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டான்.

கதவை நெருங்கும்போது பின்னாலிருந்து சிட்டுவின் குரல் வந்தது. மூக்கு இன்னும் அடைத்திருந்தது.

"அப்பா, முனையைத் தாழ்த்திக்குங்க. அங்க ஒரு போர்டு தொங்குது."

சற்றுமுன் அதே பலகையில் போய் இடித்த மனிதர், எப்போது ஓடணும், எப்போது ஊன்றணும் என்று அவளுக்குச் சொல்லியே பழகிய மனிதர், "சரிம்மா" என்று முனையைத் தாழ்த்தினார்.